டேஷ்போர்டுக்கு எல்இடி அனுப்பி என்னைச் சம்பந்தி ஆக்கிய மச்சினனுக்கு

அரியலூர்,
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்த பின்.

பெரம்பலூரில் கார் அலங்காரக் கடை வைத்து நாட்டு மக்களுக்கு ஒளி வழங்கிவரும் மைத்துனர் ராஜராஜன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் வளர்மதியைக் கட்டிய காசிநாதன், எம்.ஏ., எம்.ஃபில்., எழுதிக்கொள்ளும் மடல். இங்கு நான், தங்கள் அக்காள், மகள் சிந்து ஆகிய மூவரும் நலம். கார் நலமில்லை. அங்கே தங்கள் நலத்தையும் விசாரிக்க வேண்டியது மரபு என்பதால், விசாரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளவும்.

எம்.ஃபில். என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தங்கள் கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் விடுபட்ட பட்டம் அது. டயர் கடைக்காரருக்குத் ‘தொழிலதிபர்’ என்று போட இடம் இருந்தது, ஒலிபெருக்கி வைத்தவருக்கு ‘இசைச் செம்மல்’ என்று போட இடம் இருந்தது. சோழர் காலத்து ஏரிப் பாசனத்தைப் பற்றி மூன்று வருடம் வெயிலில் அலைந்து ஆய்வேடு எழுதிய வரலாற்று ஆசிரியரின் பட்டத்துக்கு ஒரு விரற்கடை இடமில்லை. ராஜராஜன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் சோழர் ஆய்வுக்குச் செய்த மரியாதை அது. அன்று முதல் தங்களிடம் நான் நேரில் பேசுவதில்லை. எதுவானாலும் தங்கள் அக்காள் வழியாகத்தான். இன்று அவள் வழியாகச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு பல்பு. என் காரில் ஏசிக்கு மூன்று திருகுகள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். காற்றின் வேகத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, குளிரா சூடா என்பதற்கு ஒன்று. அவற்றுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் சிறு பல்பு சித்திரையில் உயிரை விட்டது. தங்கள் அக்காளோடு ஜெயங்கொண்டத்தில் ஒரு வரவேற்பை முடித்துக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பும்போது, குளிர் என்று தடவித் திருகினேன், அது சூடு. உடையார்பாளையம் தாண்டும் வரை இருவருக்கும் விளங்கவில்லை, ஏனென்றால் சித்திரையில் வெளியே அடிக்கும் காற்றுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடைசியில் தங்கள் அக்காள், “என்னாங்க இது, சிமெண்டு சூளைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்றாள். கண்ணாடியை இறக்கினேன். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இறங்கியபோது சிந்து எங்களைப் பார்த்து, “எந்தக் கோயில்லப்பா இவ்ளோ திருநீறு குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

ஒரு பல்புக்கு அரியலூரில் கடையா இல்லை? உண்டு. ஆனால் தங்கள் அக்காளுக்குத் தம்பி உண்டே. போனைப் போட்டாள், நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள். “அக்கா, அந்தக் குண்டு பல்ப இப்ப யாருக்கா போடுறா? மாமாகிட்ட சொல்லு, மொத்த டேஷ்போர்டையும் எல்இடி ஆக்கிடலாம். கரண்டே இழுக்காது. பொழுது சாஞ்சா பிளைட்டு ஓட்டுற மாதிரி இருக்கும்” என்றீர்கள். நான் விமானம் கேட்கவில்லை. ஆயினும் மறுநாளே பெரம்பலூர் தனியார் பஸ் ஒன்றில் பார்சலைக் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். சட்டைப் பையில் அடங்கும் பொருளைத் தங்கள் கடைப் பெயர் நான்கு பக்கமும் ஒட்டிய மிக்சி பெட்டி அளவு பெட்டியில் போட்டு அனுப்பியது விளம்பரத்துக்கா, என்னைத் தூக்கிச் சுமக்க வைக்கவா என்பது இன்றுவரை தெரியவில்லை. பஸ் நிலையத்தில் கண்டக்டர் படியில் நின்று, “ராஜராஜன் கடப் பார்சலு யாரு? ராஜராஜன் கடையோட ஆளு யாருங்க?” என்று கூவினார். என் பழைய மாணவர்கள் டீக்கடையில் நின்றிருக்க, நான் கையை உயர்த்தி, ‘நான்தான் ராஜராஜன் கடையோட ஆள்’ என்று ஒப்புக்கொண்டு வாங்க வேண்டியதாயிற்று. கண்டக்டர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, “உள்ளார ஒண்ணுமே இல்ல போலருக்கே சார், பாத்து வாங்கிக்கங்க” என்று அக்கறையோடு வேறு சொன்னார்.

தங்கள் கடைக்கு வந்து மாட்டிக்கொள்ளலாமே என்றீர்கள். அந்தப் படியை மிதிப்பதில்லை என்ற என் கொள்கை தங்களுக்குத் தெரிந்திருந்தும் சொன்னீர்கள். அதனால் என் வீட்டு வாசலில், என் கையால், தங்கள் சொற்படி வேலை தொடங்கியது. தங்கள் அக்காள் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டாள். திருகுகளை முன்பக்கமாக இழு என்றீர்கள். இழுத்தேன், ஒன்று கையோடு வந்தது, ஒன்று பல்லோடு வந்தது. பலகையை நெம்பு என்றீர்கள். நெம்பினேன், இரண்டு கிளிப் ‘டப்’பென்று போனது. “பரவால்லக்கா, அது எக்ஸ்ட்ராதான்” என்றீர்கள். காரைச் செய்தவன் வேலையற்றுப் போய் எக்ஸ்ட்ராவாக இரண்டு கிளிப் வைத்தானாம். பிறகு புதிய பல்புகளைச் செருகினேன். முதல் மூன்றில் ஒன்றுதான் எரிந்தது.

“வித்துத் தீராத சரக்க நம்ம தலையில கட்டிட்டாரான்னு உன் தம்பியக் கேளு” என்றேன்.

“அக்கா, எல்இடிக்கு ப்ளஸ் மைனஸ் உண்டு. எரியலன்னா கழட்டித் திருப்பிச் சொருவச் சொல்லு மாமாவ.”

“பழைய பல்பு எப்படிச் சொருவினாலும் எரிஞ்சிது. அதுக்கு இருந்த அடக்கம் இதுக்கு இல்லியான்னு கேளு.”

“அக்கா, மாமா சொன்னது கேட்டுச்சு.”

“கேட்டுச்சின்னு எங்கிட்ட எதுக்கு சொல்றாரு? உங்கிட்ட சொல்லச் சொல்லு.”

“அய்ய, ரெண்டு பேரும் என்னைய ஆள வுடுங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று போனை ஏசி இருந்த பொந்துக்குள் வைத்துவிட்டுத் தங்கள் அக்காள் உள்ளே போய்விட்டாள். பால் பொங்கி அடங்கி அவள் திரும்பி வரும் வரை தாங்கள் பெரம்பலூரிலும் நான் அரியலூரிலும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாங்கள் ஒருமுறை இருமினீர்கள். நான் பதிலுக்கு இருமவில்லை. அவள் வந்து, எரியாத இரண்டையும் பிடுங்கித் திருப்பிச் செருகினாள், எரிந்தது. அது தற்செயல்.

எரிந்த நிறத்தைப் பற்றி இனி. பழைய டேஷ்போர்டில் வாழைக் குருத்தின் பச்சையில், ஏதோ ஒரு கண்ணியமான வெளிச்சம் இருந்தது. நான் வெள்ளை கேட்டேன். தாங்கள் அனுப்பியது நீலம். ஏசி திருகு நீலம், கடிகாரம் நீலம், வேகம் காட்டும் முள்ளுக்குப் பின்னால் கத்தரிப்பூவும் நீலமும் கலந்த ஒன்று. எங்கே பல்பு இருக்கிறதோ அங்கே கண்ணைக் குத்துகிறது, பக்கத்து எழுத்து தெரிவதில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பினால் குறைவதில்லை. குலதெய்வம் கோயில் சீரியல் செட்டைப் போல மினுக்குகிறது. முன்கண்ணாடியில் இதெல்லாம் பிரதிபலித்து, எனக்கு முன்னால் போகும் டிப்பரின் முதுகில் ‘40’ என்ற எண் மிதந்துகொண்டே வருகிறது. ஒரு நாள் மாலை உடையார்பாளையத்து முந்திரித் தோப்போரம் ஒரு பெரியவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, “மீன்சுருட்டி ஒண்ணு” என்று சில்லறையை நீட்டினார். அவர்மேல் தவறில்லை. உள்ளே அப்படி ஜொலிக்கும் வண்டி மினி பஸ்ஸாகத்தானே இருக்க வேண்டும்.

இந்த விளக்குகளை நான் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எதிர்வீட்டு நடராசன், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர், தானாக வந்து கேட்டதால் நாகரிகம் கருதி அவருக்கு இரண்டொரு முறை காட்டினேன். அவ்வளவுதான். அப்படியிருந்தும் இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை பேட்டரி இறங்கிவிட்டது. கரண்டே இழுக்காத பொருளை மாட்டிய பிறகு பேட்டரி எப்படி இறங்கும் என்பதை ஒளி வழங்கும் வள்ளல் விளக்க வேண்டும். அதுவே மூன்றாம் முறை இறங்கியபோது என் மகளின் வாழ்க்கை அல்லவா முடிவானது?

நீங்கள் கொண்டுவந்த தா.பழூர் சம்பந்தத்தைத்தான் சொல்கிறேன். அண்ணாதுரை என்பவரின் மகன், வேளாண்மைத் துறையில் வேலை, வாய்க்கால் பாசனத்தில் நிலம், நல்ல குடும்பம். நீங்கள் சொன்ன இடம் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. ஆனால் எனக்கு அந்த ஒரு குறை போதும். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சிந்துவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. நான் யோசிக்கலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “மாமா சொன்ன எடம்ங்கிறதுக்காக வேணாம்னு சொல்லிடாதீங்கப்பா. வேற ஏதாச்சும் காரணம் இருந்தா சொல்லுங்க, நானும் கேட்டுக்கிறேன்” என்றாள். ஒரு காரணம் கண்டுபிடிப்பதற்காகத்தான் கடந்த புதன்கிழமை தா.பழூருக்கு வீடு பார்க்கப் போனேன் என்பதை ஒளிக்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முடிவு சொல்லாத வரை சம்பந்தம் பேசும் வீட்டில் காபி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம். அப்புறம் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னாலும் செல்லாது. அதனால் என் திட்டம் எளிமையானது. பிற்பகலில் போவது, வீட்டைப் பார்ப்பது, காபியை முடிப்பது, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்துவிடுவது. சிந்து வாசல் வரை வந்து அம்மாவை வழியனுப்பினாள், என்னை வழியனுப்பவில்லை.

போனோம். டிராக்டர் வேலைக்குப் போயிருந்ததால் அதன் கொட்டகை காலியாக இருந்தது. வெயில் படாமல் வண்டியை அங்கே விடச் சொன்னார்கள். வீட்டைக் காட்டினார்கள். சுவரில் விரிசல் தேடினேன், இல்லை. கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. அண்ணாதுரை அதிகம் பேசாதவர், தொல்லையில்லாதவர். அதுவும் என் திட்டத்துக்கு உதவவில்லை. கொட்டகைப் பக்கம் நடந்தபோது அவர், “உள்ளார என்னமோ நீலமா தெரியுதே சார்” என்றார். மரியாதைக்காக ஒரு நிமிடம் கதவைத் திறந்து காட்டினேன். பிறகு, “கெளம்பறோங்க” என்று சொல்லி சாவியைத் திருகினேன். ‘டிக்’ என்றது. மறுபடி திருகினேன், ‘டிக் டிக்’ என்றது. எஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை. ஆனால் டேஷ்போர்டு மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது, ராஜராஜா! கார் செத்த பிறகும் நீ அனுப்பிய எல்இடி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பழைய பல்பாக இருந்திருந்தால் வண்டியோடு சேர்ந்து மரியாதையாக அணைந்திருக்கும்.

வண்டியைக் கையாலேயே வெளியே இழுத்து, வாய்க்கால் மதகு வரை நாலு பேர் தள்ளினார்கள். கிளம்பவில்லை, வாசலுக்கே திருப்பித் தள்ளினார்கள். வைக்கோல் பரப்பிய சாலையில் பெண் வீட்டுக்காரன் ஸ்டியரிங் பிடிக்க, மாப்பிள்ளைப் பையனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளும் காட்சியை ஊரே நின்று பார்த்தது. “யாரு வண்டி அது?” என்று ஒருவர் கேட்க, “பொண்ணு வூட்டுக்காரவுங்களுது. போவ மனசு இல்ல போலருக்கு” என்று இன்னொருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணாதுரை, “டிராக்டரு வந்துச்சின்னா அந்த பேட்டரிலேருந்து ஒயரு போட்டு ஸ்டார்ட் பண்ணிடலாம் சார். அது வர்றதுக்குள்ள ஒரு வா சாப்புட்டுடுங்க” என்றார்.

எனக்குப் பசியில்லை என்றேன். வயிறு அதே நேரத்தில் வேறொன்று சொன்னது, அதையும் அவர்கள் கேட்டுவிட்டார்கள். இலை விரித்தார்கள். முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், வடை, பாயசம். கவனி: பாயசம். என் பேட்டரி இறங்கும் என்று பாயசத்துக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? உன்னைத் தவிர இதை அங்கே யார் சொல்லியிருக்க முடியும்? நான் இலையின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாதுரை பக்கத்து இலையில் உட்கார்ந்து, தன் கையையும் கட்டிக்கொண்டார். “எனக்கு சுகரு சார். சாப்புட்டுட்டுத்தான் மாத்திரை. நீங்க கை வக்காம நா வக்க மாட்டேன்” என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். பையன் என்னைப் பார்த்தான். உன் அக்காள் என்னைப் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே இரண்டாவது வடையில் இருந்தாள். ஒரு சர்க்கரை நோயாளியின் உயிரைக் காப்பாற்றத்தான் நான் கை நனைத்தேன் என்று இதன் மூலம் அறிவித்துக்கொள்கிறேன். கை கழுவி நிமிர்ந்தேன், வெற்றிலை பாக்குத் தட்டு தயாராக நின்றது. வாங்கிக்கொண்டு திரும்பினேன், டிராக்டர் வாசலில் நின்றது. ஒயரைப் போட்டதும் வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

எனவே எல்லாம் முடிந்துவிட்டது. நீ கொண்டுவந்த சம்பந்தத்தில், நீ அனுப்பிய பல்பால், நான் சம்பந்தியாகிவிட்டேன். ஆடிக்கு முன்பே நிச்சயம் செய்யப் போகிறார்கள். அதற்கு நீ வர வேண்டியதில்லை. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது என்று உன் அக்காள் சொல்கிறாள். மாலையை அதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. நான் பஸ் நிலையத்துக்குப் போய்க் கையை உயர்த்தி வாங்கிக்கொள்கிறேன். அழைப்பிதழில் ‘தாய்மாமன் ராஜராஜன்’ என்று மட்டும் இருக்கும். கடையின் பெயர் இருக்காது, இடமில்லை. உன் எல்இடிகள் அனைத்தையும் கழற்றி இந்த உறையோடு வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். அவற்றை உன் கடை வாசலில் தொங்கவிட்டு, நாடு முழுவதும் உள்ள மாமன்மார்களை மினுக்கிக் கூப்பிடு.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. இந்தக் குடும்பத்தில் எனக்கு அடுத்தபடியாகப் பொறுமைசாலி அவள்தான். நீயும் மங்காத ஒளியோடு பல்லாண்டு வாழ்க, உன்னுடைய சொந்தக் காரில்.

இப்படிக்கு,
இனியும் உன் அக்காள் வழியாகவே பேசப்போகும்,
கு. காசிநாதன், எம்.ஏ., எம்.ஃபில்.

பின்குறிப்பு: தம்பி, நான் அக்கா எழுதுறேன். தபால்ல போட்டுட்டு வான்னு கவரக் கொடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். கவர்ல பல்பு இல்லன்னு தேடாத. அவரு ஒண்ணுகூடக் கழட்டல. அந்த ஒரு நிமிசம் காட்டுனேங்கிறாரே, அது ரெண்டு மணி நேரம். சம்பந்தியக் கூட்டிட்டுப் போயி கார்ல உக்கார வச்சி, கதவச் சாத்திக்கிட்டு, எஞ்சின் போடாம லைட்டு, ஃபேனு, பாட்டுன்னு எல்லாத்தையும் போட்டுட்டு, ஒவ்வொரு திருகா திருவிக் காட்டிட்டு இருந்தாரு. கொட்டாய்க்கே போயி ரெண்டு தடவ காபி கொடுத்தேன். ரெண்டாந் தடவ போறப்ப சோழர் காலத்து ஏரியப் பத்திச் சொல்லிட்டு இருந்தாரு, அந்த மனுசனும் கேட்டுட்டு இருந்தாரு. இங்க எதிர்வூட்டு நடராசன் சாருக்குக் காட்டறப்பவும் இப்புடித்தான் ரெண்டு தடவயும் பேட்டரி போச்சி. ஆளு கெடச்சா காட்டாம இருக்க மாட்டாரு, காட்டினா வண்டி கெளம்பாதுன்னு எனக்குத் தெரியும். அதனால பாயசம் வைக்கச் சொல்லி மொத நாளே மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நான்தான் போன் போட்டேன். சிந்து சொல்லித்தான் போட்டேன். இத அவர்கிட்ட சொல்லிடாத.

பத்திரிகைக்கு அவரே எழுதிக் கொடுத்துட்டாரு. உன் பேருக்குக் கீழ கடப் பேரும் இருக்கு, ஃபோன் நம்பரும் இருக்கு. அச்சடிக்கிறது உங்க ஊருலதான், எம்.ஃபில்ல மட்டும் நீ நேர்ல போயி ஒரு தடவ பாத்துடு. கதவத் தொறந்தா எரியற லைட்டு ஒண்ணு இன்னும் பழசாவே இருக்காம், அதுக்கும் நீலம் வேணுமாம், அவரு கேட்டதாச் சொல்லக் கூடாதாம். மாலையோட அதையும் எடுத்துட்டு நேர்ல வா. இப்ப வாசல்ல நீலமா தெரியுது, பக்கத்து வூட்டு பேங்கு மேனேஜரு குரலு கேக்குது. வர்றப்ப ஒரு நல்ல பேட்டரியும் எடுத்துட்டு வந்துடு.